தனிக் கணக்கு கேட்ட ஆசிரியர்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் ஊருக்கும் வங்கிக்கும் ஆட்களுக்கும் பெயர் கொடுக்கவில்லை. சம்பந்தப்பட்டவர், வங்கியில் தன் பெயரில் மட்டும் கணக்கு கேட்ட பார்வையற்ற பள்ளி ஆசிரியர். இதன் முதல் வரைவைத் தன் கணினியில் ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வழியாக முழுக்கக் கேட்டார். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னார், ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அப்படியே செய்திருக்கிறோம்.

பின்னணி

எங்களுடையது தென்மாவட்ட நகரம் ஒன்றில் இயங்கும் சிறிய தன்னார்வச் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு உண்டு. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குபேர் பார்வையற்றவர்கள். தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஸ்க்ரைபாக, அதாவது அவர்கள் சொல்வதை எழுதித் தருபவராகப் போவது, பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தருவது, போட்டித் தேர்வு விண்ணப்பங்களை நிரப்புவது என்று பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அலுவலகம் ஏறிப் பரிந்து பேசுவதில் எங்களுக்குப் பெரிய பழக்கமில்லை. ஸ்க்ரைபுக்கு ஒரு விதி உண்டு: சொன்னதை மட்டும் எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. அந்த ஒரு விதியை வங்கிக்கும் கொண்டுபோயிருந்தால் இந்த ஆய்வு அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

2023 ஜூனில் எங்களைத் தேடி வந்தவர் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியர். வரலாறு எடுக்கிறார். வயது முப்பதுக்குள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பிரெய்லில் குறிப்பெடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார். போனில் டாக்பேக், கணினியில் என்விடிஏ; இரண்டும் ஸ்க்ரீன் ரீடர்கள். பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் தனியாகத்தான் போய் வருகிறார்.

அவருடைய சம்பளம் விழுந்துகொண்டிருந்தது, கல்லூரியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்த பழைய கணக்கில். அன்றைக்கு வங்கியில் கூட ஒரு ஆள் பெயர் வேண்டும் என்றதால் அப்பா பெயரைச் சேர்த்தார்கள். அப்பா காலமான பிறகு அந்த இடத்துக்கு அண்ணன் வந்தார். இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். ஏடிஎம் கார்டு அண்ணன் பெயரில். பார்வை இல்லாதவர்களுக்குக் கார்டு தருவதில்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்களாம். பணம் எடுத்தால் குறுஞ்செய்தி போவதும் அண்ணன் எண்ணுக்குத்தான். பாஸ்புக்கோ அச்சிட்ட தாள், அவருக்கு அது வெறும் அட்டை. மே மாதம் சக ஆசிரியை ஒருவர் அதை வரிவரியாக வாசித்துக் காட்டியபோதுதான், தனக்குத் தெரியாமல் பதினோரு தடவை பணம் எடுக்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியவந்தது.

ஆசிரியர் சேர்க்கச் சொன்ன பத்தி இதுதான். அவர் சொன்னபடியே தருகிறோம்: “எங்க அண்ணன் திருடல. நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப மாசா மாசம் பஸ் மாறி மாறி வந்து பாத்துட்டுப் போனது அவர்தான். அந்தப் பணத்தையும் வீட்டுக்குக் கூரை மாத்தவும் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும்தான் எடுத்திருக்கார். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேக்கணும்னு அவருக்குத் தோணல. என் பிரச்சினை அது மட்டும்தான்.”

எங்களிடம் அவர் கேட்டது நான்கே விஷயம். தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. அதற்குக் கார்டும் காசோலைப் புத்தகமும். போனில் பார்த்துக்கொள்ளும் வசதி. அண்ணனோடு சண்டை வரக் கூடாது. நோட்டில் நான்கையும் எழுதிக்கொண்டோம். நான்காவதை எழுதினோமே தவிர, மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

முதல் முறை வங்கியில்

எங்களிடம் வருவதற்கு முன்பே ஆசிரியர் தனியாக ஒருமுறை போயிருந்தார். யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில், “உங்களுக்கு எதுக்கும்மா வீண் சிரமம், அதான் அண்ணன் இருக்கார்ல” என்று அனுப்பிவிட்டார்கள். இந்தத் துறையில் கொஞ்ச நாள் இருந்தால் இது பிடிபடும். பார்வையற்றவருக்கு மறுப்பு பெரும்பாலும் டீயோடுதான் வரும். முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் சண்டைக்காவது ஒரு பிடி கிடைக்கும்.

ஜூலை முதல் வாரம் அவரோடு இரண்டு பேர் போனோம். ஒருவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் இதை எழுதும் நான். இரண்டு பேருக்கும் பார்வை உண்டு. மேலாளர் அறையில் மூன்று நாற்காலிகள். ஆசிரியர் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும்.

மேலாளர் என்னைப் பார்த்து, “இவங்க கையெழுத்துப் போடுவாங்களா?” என்றார். “போடுவாங்க சார்” என்றேன். “சம்பளம் எவ்வளவு வரும்?” கண்காணிப்பாளர் சொன்னார். “கார்டு குடுத்தா எப்படி யூஸ் பண்ணுவாங்க?” பேசும் ஏடிஎம் பற்றி நான் நீளமாக விளக்கினேன். அன்றைய குறிப்பைப் பிறகு எண்ணிப் பார்த்தோம். மேலாளர் கேட்ட பதினைந்து கேள்விகளில் ஆசிரியர் வாய் திறந்து பதில் சொன்னது இரண்டுக்கு: பெயர், பள்ளி. மீதி பதின்மூன்றுக்கும் பதில் எங்களுடையது.

மேலாளர் தயங்கியதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை அன்றைக்கு நாங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. முன்பு வேலை பார்த்த கிளையில், பார்வையற்ற ஓய்வூதியர் ஒருவரின் கார்டைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப் பயன்படுத்த, விசாரணை கார்டு கொடுத்த அதிகாரி தலையில் விடிந்திருக்கிறது. அது முதல் காரணம். கையெழுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும் என்பது அடுத்தது. கைரேகை என்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அப்படி ஒரு விதி இருப்பது உண்மைதான். ஆனால் அது நோயிலும் முதுமையிலும் படுத்து, கையெழுத்துப் போட இயலாத வாடிக்கையாளர்களுக்காக ரிசர்வ் வங்கி சொன்னது. தினம் பஸ் ஏறிப் போய் வகுப்பெடுக்கும் ஒருவரை அந்தப் பட்டியலில் போட்டிருந்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்த அலுவலகத்திலும் கேட்கிற அந்த வாக்கியம்: “சிஸ்டம் ஏத்துக்காது.”

நாங்கள் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தோம். ஒன்று 2008 ஜூன் 4ஆம் தேதி ரிசர்வ் வங்கி எல்லா வணிக வங்கிகளுக்கும் அனுப்பிய சுற்றறிக்கை. பார்வையற்றவர்கள் ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள், அவர்களுக்கு வங்கி வசதிகளை மறுக்கக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் 2005இல் ஓர் உத்தரவு போட்டார். சுற்றறிக்கை அதைத் தொட்டு வந்தது. காசோலைப் புத்தகம், அதுவும் மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் காசோலை உட்பட, ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்று பட்டியலே போடுகிறது. மற்றது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 13ஆம் பிரிவு. தன் பண விவகாரங்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை அதன் முதல் உட்பிரிவு தருகிறது.

இரண்டையும் கண்காணிப்பாளர் உரக்க வாசித்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாள் எங்கள் கையிலிருந்து மேலாளர் கைக்கு ஆசிரியரின் தலைக்கு மேலாகத்தான் போனது. அவருக்கென்று ஒரு பிரதி பிரெய்லிலும் இல்லை, போனிலும் இல்லை. கொண்டுபோக வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

மேலாளர் தாள்களை மடித்து வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் மறக்கவில்லை. “சார், நான் கேக்குற எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்றீங்க. நாளைக்குக் கார்டு குடுத்தா அது யார் கையில இருக்கும்? பேசாம உங்க சங்கத்துலயே ஒருத்தர் ஜாயின்ட்டா சேந்துக்கோங்களேன்.”

கேட்டபோது கோபம் வந்தது. அந்தக் கேள்வியை எங்கள் நடத்தைதான் அவர் வாயில் போட்டது என்பது பிற்பாடுதான் உறைத்தது. யாருடைய துணையும் இல்லாமல் இவரால் முடியும் என்று வாதாடப் போனவர்கள், துணை இல்லாமல் முடியாது என்பதற்குக் கண்முன் சாட்சியாக இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

அன்று மாலை

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த எங்கள் சங்க இளைஞர் ஒருவர், கிளையின் பெயர்ப்பலகைக்குக் கீழே வெள்ளைக்கோலோடு நின்ற ஆசிரியரைப் படம் எடுத்தார். சங்க ஆவணத்துக்கு என்றார். அன்று மாலை அது ஃபேஸ்புக்கில் ஏறியது. கூடவே நாலு வரி: வங்கி மறுத்தது, சொந்த அண்ணனே பணத்தை எடுத்தார், பார்வையற்றவருக்கு நீதி எங்கே. ராத்திரிக்குள் அது பல வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. காலையில் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு விசாரித்தார். உறவினர் ஒருவர் மூலம் அண்ணனின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மதியம் பதிவை எடுக்க வைத்தோம். ஸ்க்ரீன்ஷாட்டை யார் எடுக்க வைப்பது? ஒன்பது நாள் ஆசிரியர் எங்கள் போனை எடுக்கவில்லை. அந்த நாட்களில் அவர் வீட்டில் நடந்தது அவர் எடுக்கச் சொன்ன பத்திகளில் இருந்தது.

இளைஞரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. “போடட்டுமா?” என்று சங்கக் குழுவில் அவர் கேட்டிருந்தார். கட்டைவிரல் குறி போட்டவர்கள் ஆறு பேர். அதில் நானும் ஒருவன். ஆசிரியர் அந்தக் குழுவிலேயே இல்லை.

மீண்டும் 13ஆம் பிரிவு

ஜூலை ஞாயிறு கூட்டத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. தொலைபேசி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர், அவருக்கும் பார்வை கிடையாது, “அன்னைக்கு பேங்க்ல வாசிச்சீங்களே, அந்தப் பிரிவை முழுசா ஒரு தடவை வாசிங்க” என்றார். முதல் உட்பிரிவோடு நாங்கள் நிறுத்திக்கொண்டிருந்தோம். அதற்குக் கீழே இன்னும் நான்கு இருந்தன.

மூன்றாவது உட்பிரிவு, பண விவகாரம் ஒன்றில் உதவி செய்பவரின் நலனும் மாற்றுத்திறனாளியின் நலனும் மோதினால், அந்த விவகாரத்தில் உதவுபவர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிறது. கூடவே ஒரு காப்புவாசகம்: ரத்த உறவு என்பதற்காகவே மோதல் இருப்பதாக முடிவு கட்டக் கூடாது. அண்ணனைப் பற்றி ஆசிரியர் எங்களிடம் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். நான்காவது, உதவி ஏற்பாட்டை மாற்றவும் கலைக்கவும் வேறு ஆளைத் தேடவும் மாற்றுத்திறனாளிக்கு உரிமை தருகிறது. ஐந்தாவது எங்களுக்கென்றே எழுதியது போல இருந்தது: உதவி செய்பவர் தன் செல்வாக்கைத் திணிக்கக் கூடாது, மாற்றுத்திறனாளியின் தன்னுரிமையையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும். வங்கி மீறுகிறது என்று நாங்கள் நீட்டிய அதே பிரிவை, அன்று சாயங்காலமே நாங்கள் மீறியிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

மன்னிப்பை போனில் கேட்பதில்லை, நேரில் போய்க் கேட்பது என்று முதலில் முடிவானது. இந்த வேலையைத் தொடர்வதா விடுவதா என்று அவரிடமே கேட்பது என்பது அடுத்தது. மூத்த உறுப்பினரும் இரண்டு பெண் உறுப்பினர்களும் போனார்கள். தொடரலாம் என்றார் ஆசிரியர். ஆனால் நிபந்தனை போட்டார். வங்கிக்குத் தன்னோடு ஒருவர் மட்டும் வர வேண்டும். அவருக்கும் பார்வை இருக்கக் கூடாது, ஏற்கெனவே சொந்தக் கார்டு வைத்திருப்பவராக இருக்க வேண்டும். படம் கூடாது. வங்கிக்குள் ‘அண்ணன்’ என்ற சொல்லே வரக் கூடாது.

அண்ணனிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றார். அதில் நாங்கள் தலையிடவில்லை. பத்து நாள் ஆனது. கூட்டுக் கணக்கை மூடுவதில்லை, வீட்டுச் செலவுக்கென்று மாதம் ஒரு தொகையை அதில் தானே போடுவது, சம்பளம் மட்டும் புதுக் கணக்குக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. எங்களைக் கேட்டிருந்தால் கூட்டுக் கணக்கை உடனே மூடச் சொல்லியிருப்போம். கேட்காததே நல்லதாகப் போயிற்று.

கையெழுத்தா, ரேகையா என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. ரேகையும் சட்டப்படி செல்லும்; பார்வையற்றவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் ரேகை வைத்தால் ஒவ்வொரு காசோலைக்கும் நேரில் போக வேண்டி வரலாம் என்று எண்ணி, ஆசிரியர் கையெழுத்தைத் தேர்ந்தெடுத்தார். பழைய காலண்டர் அட்டையை ஏடிஎம் கார்டு அளவுக்கு வெட்டி, நடுவில் கையெழுத்து அகலத்துக்கு நீளமாக ஒரு துளை போட்டுக் கொடுத்தோம். இடது கைச் சுட்டுவிரலைத் துளையின் ஓரத்தில் வைத்துக்கொண்டால் பேனா கோட்டை விட்டு ஏறாது, இறங்காது. முழுப் பெயரை விட்டுவிட்டு இனிஷியலும் மூன்று எழுத்துகளும் போதும் என்று வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகினார்.

இரண்டாம் முறை

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அவர் கொண்டுபோன கடிதம் என்விடிஏ துணையோடு அவரே தட்டச்சு செய்தது. மொத்தம் பதினான்கு வரிகள். உரிமை முழக்கம் எதுவும் அதில் இல்லை. தான் பதினெட்டு வயது நிரம்பியவர், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கேட்கும் தகுதிகள் தனக்கு உண்டு, என்னென்ன வசதிகள் வேண்டும், எந்தச் சுற்றறிக்கை அவற்றைத் தரச் சொல்கிறது என்று வரிசையாகப் போனது. கடைசி வரி: ‘தர இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ ஒப்பந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவு வயதைக் கேட்கிறது, தெளிந்த மனநிலையைக் கேட்கிறது, வேறு சட்டம் எதுவும் தடுக்காதிருப்பதைக் கேட்கிறது. கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

கவுண்டரில் கடிதத்தைக் கொடுத்து, தன் பிரதியில் முத்திரை கேட்டு வாங்கினார். துணை மேலாளர் வழக்கப்படி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “இவங்களுக்கு மொபைல் நம்பர் இருக்குங்களா?” என்றார். பக்கத்தில் இருந்த எங்கள் உறுப்பினர், “எனக்கும் பார்வை இல்ல சார். அவங்ககிட்டயே கேளுங்க” என்றார். அதற்குப் பிறகு அந்த மேசையில் வந்த கேள்விகள் எல்லாம் ஆசிரியரிடமே வந்தன. இந்த நிகழ்வில் ஒரு திருப்புமுனை உண்டென்றால், சுற்றறிக்கையைவிட இந்த நாற்காலி மாற்றத்தைத்தான் நான் சொல்வேன்.

‘சிஸ்டம் ஏத்துக்காது’ என்பதைத் துணை மேலாளர் அன்றைக்குத்தான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். ஏற்றுக்கொண்டது. அதுவரை யாரும் முயன்று பார்த்ததில்லை.

மேலாளர் ஒன்று கேட்டார். கார்டால் எந்த இழப்பு வந்தாலும் தானே பொறுப்பு என்று ஆசிரியர் ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். “எல்லா கஸ்டமர்கிட்டயும் இது வாங்குறீங்களா சார்?” என்று ஆசிரியர் கேட்டார். இல்லை. அப்படியானால் தானும் தர முடியாது என்றவர், வேறு ஒன்றைத் தானாகவே முன்வைத்தார். கணக்கு, கார்டு இரண்டின் நிபந்தனைகளையும் அதிகாரி ஒருவர் வாசிக்கட்டும், தான் கேட்டுக்கொள்கிறேன், வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திடுகிறேன். மேலாளர் ஒப்புக்கொண்டார். வாசித்து முடிக்க ஐம்பது நிமிடம் பிடித்தது.

இதுவும் மற்றவர்களிடம் கேட்காத ஒன்றுதானே, ஏன் விட்டுக்கொடுத்தார் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு சாரார் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும் அது அவர் முடிவு. என் கணக்கில், அந்த வருடம் அந்தக் கிளையில் கணக்குத் திறந்தவர்களில் நிபந்தனைகள் என்னவென்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

2021 நவம்பரில் வந்த ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தையும் மனதில் வைத்திருந்தோம். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ குறைதீர்ப்பாளரிடம் போகலாம். முத்திரை வாங்கியது தேதிக் கணக்குக்காகவும்தான். அதற்குத் தேவை வரவில்லை. கடிதம் கொடுத்த 23ஆம் நாள் கணக்கு எண் வந்தது. கார்டு அதற்கு அடுத்த வாரம்.

கார்டு கைக்கு வந்த பிறகு

இந்த இடத்தில் ஆய்வை முடித்திருந்தால் வெற்றிக் கதையாக இருந்திருக்கும்.

கிளை வாசலில் உள்ள ஏடிஎம்மில் இயர்போனைச் செருகினார். சத்தமே இல்லை. 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் ஏடிஎம் எல்லாம் பேச வேண்டும், பிரெய்ல் விசைகள் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. விசைகள் சரியாகவே இருந்தன: 5இல் ஒரு புள்ளி, ரத்து விசையில் பெருக்கல் குறி, என்டரில் வட்டம். குரல்தான் இல்லை. இயர்போன் துளைக்குள் யாரோ காகிதத்தைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். ஒரு மாதம் மேலாளரிடம் பேசிப் போராடினோம். வாசலில் இருந்த இயந்திரத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை.

நகரில் நடந்து போகும் தூரத்தில் இருந்த நான்கு ஏடிஎம்களில் இரண்டு பேசின. அதில் ஒன்றில் தமிழ் இல்லை. தமிழ் பேசுவது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. முதல் தடவை பணம் எடுக்கப் போனபோது அங்கிருந்த காவலாளி, “நம்பரைச் சொல்லும்மா, நான் அடிச்சுத் தரேன்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். “வேண்டாம்ணே, நீங்க வெளிய நின்னா போதும்” என்று ஆசிரியர் சொல்லிவிட்டு, இடது கையால் விசைப்பலகையை மூடிக்கொண்டு எண்ணை அடித்தார். நாலு 500 ரூபாய் வந்தது. இப்போதைய வரிசையில் 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142. அந்த நாலு மில்லிமீட்டரை விரலில் அளந்துதான் பிரிக்க வேண்டும். ஓரத்தில் உள்ள புடைத்த கோடுகள் நோட்டு பழசானதும் தேய்ந்துவிடுகின்றன. நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த ‘மணி’ செயலி அவர் போனில் இருக்கிறது. ஆனால் கடையில் நின்று போனை எடுத்துக் காட்டுவதைவிட மடிப்பு வேகம் என்கிறார். 500ஐக் குறுக்கே மடிப்பார், 200ஐ நெடுக்கே மடிப்பார், 100 மடிக்காமல் இருக்கும்.

நவம்பரில் அவர் கொடுத்த முதல் காசோலை, கையெழுத்து மாறுகிறது என்று திரும்பி வந்தது. மேலாளர் முதல் நாளே சொன்ன சந்தேகம் சரியாகத்தான் போயிற்று. கிளையிலிருந்தே கூப்பிட்டார்கள். ஆசிரியர் அட்டைத் துளையை எடுத்துக்கொண்டு போய் மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். முதலில் மாதிரிக் கையெழுத்து வாங்கியபோது படிவத்தில் கட்டம் சின்னதாக இருந்ததால் அட்டை வைக்காமல் போட்டிருந்தார், அதுதான் காரணம்.

மொபைல் செயலி வேறு கதை. திறந்தால் டாக்பேக் “பட்டன், பட்டன், பட்டன்” என்று வரிசையாக வாசிக்கும். எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லாது. பெயரிடாமல் விட்டிருக்கிறார்கள். ஆசிரியர் திரையைப் பதிவு செய்து புகார் அனுப்பினார். அடுத்த புதுப்பிப்பில் முகப்புப் பக்கம் சரியானது. உள்ளே படத்தில் உள்ள எழுத்தை அடிக்கச் சொல்லும் கட்டம் அப்படியே இருக்கிறது. காமிராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சோதனை பற்றியும் எங்கள் உறுப்பினர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லி, அடையாளச் சோதனையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப மாற்றும்படி இருபது உத்தரவுகளைப் போட்டது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களின் மனுவோடு, பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினின் மனுவும் அந்த வழக்கில் இருந்தது.

மாற்றிக்கொண்டவை

இப்போது யாராவது உதவி கேட்டு வந்தால், அலுவலகத்துக்குப் போவதற்கு முன் எங்கள் கூடத்திலேயே ஓர் ஒத்திகை வைக்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் எங்களில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து, வேண்டுமென்றே துணைக்கு வந்தவரைப் பார்த்துக் கேள்வி கேட்பார். துணைக்கு வந்தவர் பதில் சொன்னால் ஒத்திகை மறுபடி முதலிலிருந்து. பார்வையுள்ள தன்னார்வலர்களுக்கு இது சாமானியமாகக் கைவராது. எனக்கு நாலு தடவை ஆனது.

கொண்டுபோகும் தாள் எதுவானாலும் சம்பந்தப்பட்டவரின் போனில் படிக்கும் வடிவில் அது முதலில் இருக்க வேண்டும். வெறும் படமாக எடுத்த பிடிஎஃப் செல்லாது; ஸ்க்ரீன் ரீடர் அதை வெற்றுத் தாள் என்று தாண்டிப் போய்விடும். படம், பதிவு எதற்கும் அவருடைய சம்மதம் எழுத்திலோ குரலிலோ வேண்டும், அதுவும் வேலை முடிந்த பிறகு. நடுவில் கேட்டால், உதவிக்கு வந்தவர்களிடம் எப்படி மறுப்பது என்று தலையாட்டிவிடுவார்கள்.

மேலாளரின் பயத்துக்கு முதல் நாளே பதில் வைத்திருக்க வேண்டும். அவர் சொன்ன பழைய கிளைச் சம்பவம் சாக்குப்போக்கு இல்லை. பதில் கார்டை மறுப்பதில் இல்லை. குறுஞ்செய்தி வாடிக்கையாளரின் சொந்த எண்ணுக்கே போவதிலும், ஒரு நாளில் எடுக்கும் தொகைக்கு அவரே வரம்பு வைத்துக்கொள்வதிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் சொல்லியிருந்தால் முதல் சந்திப்பு வேறு மாதிரி போயிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கண்காணிப்பாளருக்கு இதில் உடன்பாடில்லை. சத்தம் போட்டதால்தான் இரண்டாம் முறை வேலை நடந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. கணக்கு கிடைத்ததும் நாங்கள் அந்தக் கிளைப் பக்கம் போகவில்லை. ஊழியர்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஆசிரியரும் வரத் தயாராக இருந்தார். 2024இல் மேலாளர் மாற்றலாகிப் போனார், துணை மேலாளரும் போனார். பேருந்துகளில் ஊதுபத்தி விற்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் அதே கிளைக்குக் கணக்குத் திறக்கப் போனபோது, புதிதாக வந்தவர் கேட்ட முதல் கேள்வி, “கூட யார் வந்திருக்கா?”

அவர் எங்களைக் கூப்பிடவில்லை, ஆசிரியரைக் கூப்பிட்டார். ஆசிரியர் தன் பதினான்கு வரிக் கடிதத்தை அவருக்கு அனுப்பி, எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று குரல்பதிவில் சொல்லியிருக்கிறார். முத்திரை வாங்க மறக்க வேண்டாம் என்றும் சொன்னாராம். ஊதுபத்திக்காரரின் கணக்கு ஏழாம் நாள் திறந்தது. கார்டுக்கு அவர் ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் முத்திரையோடு. வாசலில் உள்ள ஏடிஎம் இன்னும் பேசவில்லை.